பன்னிரண்டு வோல்ட் வந்தும் அசையாத சீட்

காலையில் காரில் ஏறி உட்கார்ந்தால் சீட் அசைய மறுக்கிறது. சுவிட்சை முன்னே தள்ளினாலும் பலனில்லை, பின்னே தள்ளினாலும் பலனில்லை. முந்தின நாள் ஓட்டிய நெட்டையான சாரதி கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிட்டு இறங்கிப்போன சீட் அது. இன்று ஓட்ட வேண்டியவருக்கோ பிரேக்கில் பாதத்தின் நுனிதான் எட்டுகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு ஹட்டனிலிருந்து புறப்படுகிறார். கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை என்று மழையோடு ஏறி, நானுஓயாவில் தேநீருக்காக ஓரங்கட்டும்போது சும்மா ஒரு தரம் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறார். சீட் ஒன்றுமே நடக்காததுபோல முன்னே நகர்கிறது. மறுநாள் காலை பழையபடி அடம்.

கராஜில் காட்டினால் வயரிங் பாஸ் சொல்வது இதுதான்: “பியூஸ் நல்லாத்தான் இருக்கு. சீட்டுக்குப் போற சொக்கட்டுல பன்னெண்டு வோல்ட்டும் வருது. அப்ப மோட்டர்தான் போயிருக்கணும் அண்ணே.”

கேட்பதற்கு நியாயமான தீர்ப்பு. ஆனால் மோட்டர் போயிருந்தால் நானுஓயாவில் ஓடியது எது? மின்சாரம் சொக்கட் வரை வந்து நிற்கிறது என்றால் மோட்டர் ஏன் சுற்றவில்லை? இந்த முரணை அவிழ்த்துவிட்டால், பவர் சீட் மட்டுமல்ல, காரில் மின்சாரத்தால் இயங்கும் பாதிப் பொருட்களின் நோயும் பிடிபட்டுவிடும்.

மலையகத்து வீதிகளில் இது சின்ன விஷயமும் அல்ல. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் பிரேக் எட்டாத சாரதியை யாரும் விரும்பமாட்டார்கள். கைப்பிடி இழுத்து நகர்த்தும் பழைய சீட் என்றால் ஒரு உதை போதும். பவர் சீட் நின்ற இடத்தில் நின்றதுதான். வாகனங்களுக்கும் வயதாகிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், அதற்கு முன்பே ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பிராடோவும் மொண்டேரோவும் ஹாரியரும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தன. கூடவே வந்த கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கும். ஆகவே பாஸின் அனுபவத்தையும் நம் அறிவையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

சீட்டுக்கு அடியில்

பவர் சீட்டின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தால் முஷ்டி அளவிலான சில மோட்டர்கள் தெரியும். சீட்டை முன்பின் நகர்த்த ஒன்று, முன்விளிம்பைத் தூக்க ஒன்று, பின்விளிம்பைத் தூக்க ஒன்று, முதுகைச் சாய்க்க ஒன்று என நான்கு மோட்டர்கள் உள்ள சீட்டை எட்டுத் திசைச் சீட் என்று விற்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு திசையில் ஓடுவதால் அந்தக் கணக்கு.

மோட்டர் நேரடியாகச் சீட்டைத் தள்ளுவதில்லை. அது வேகமாகச் சுழன்று ஒரு திருகுப் பற்சக்கரத்தைச் சுற்ற, அந்தப் பற்சக்கரம் தண்டவாளத்துக்குள் கிடக்கும் நீண்ட திருகாணியை மெல்லச் சுற்றும். திருகாணியில் கோத்த நட்டு நகர, சீட்டும் நகரும். திருகுப் பற்சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு: மோட்டர் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் மோட்டரைச் சுற்ற முடியாது. திடீரென்று பிரேக் அடித்தாலும் சீட் வழுக்கிக்கொண்டு போகாததற்குக் காரணம் அதுதான். பழுதாகி நின்ற சீட்டை நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாததற்கும் அதுவே காரணம். பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு பழுதாகும்போது தொல்லையாகிறது.

ஒரே மோட்டர், இரண்டு திசை

முன்னே போக ஒரு மோட்டர், பின்னே வர இன்னொன்று என்று இல்லை. இந்த மோட்டர்களுக்கு இரண்டே வயர்கள். ஒன்றில் மின்சாரம் நுழைந்து மற்றதில் வெளியேறினால் ஒரு திசை. மாற்றி நுழைந்தால் எதிர்த் திசை. மாற்றிவிடுவது சுவிட்சின் வேலை.

சுவிட்சை யாரும் தொடாதபோது மோட்டரின் இரண்டு வயர்களும் எர்த்தில், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழியில்தான் கிடக்கும். முன்பக்கம் அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டுப் பற்றரியின் நேர்முனையோடு சேரும். மற்றது இருந்த இடத்திலேயே எர்த்தில் நிற்கும். பின்பக்கம் அழுத்தினால் முதலாவது எர்த்தில் நிற்க, இரண்டாவது நேர்முனைக்குத் தாவும். கையை எடுத்ததும் இரண்டும் எர்த்துக்குத் திரும்பிவிடுகின்றன. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டரின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அது சட்டென்று நின்றுவிடும் என்பதால் சீட்டும் விட்ட இடத்தில் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டை மனதில் பதித்துக்கொண்டால் ஒரு கருவியும் இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். சீட் முன்னே போகிறது, பின்னே மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே போனபோது மோட்டரும் அதன் இரண்டு வயர்களும் வேலை செய்திருக்கின்றன. அவை நன்றாக இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மிச்சமிருப்பது சுவிட்சுக்குள் தேய்ந்த ஒரு தொடுமுனை, அல்லது தண்டவாளத்தில் பின்பக்கம் சிக்கிய ஏதோ ஒன்று. மோட்டர் மாற்றச் சொன்னால் மறுத்துவிடலாம்.

முன்பின் அசைவு முழுவதும் செத்து, சாய்வதும் உயர்வதும் ஒழுங்காக நடந்தால், சந்தேகம் அந்த ஒரு மோட்டரையும் அதன் சுவிட்ச் பகுதியையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. நான்கு அசைவுமே போய்விட்டால் கதை வேறு. நான்கு மோட்டர்கள் ஒரே இரவில் பேசிவைத்துக்கொண்டு எரிவதில்லை. நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு: பியூஸ், சுவிட்சுக்கு வரும் வயர், அல்லது எர்த்.

நம் ஹட்டன் காரில் நான்கு அசைவும் காலையில் இல்லை. பக்கத்துச் சீட்டோ ஒழுங்காக இயங்குகிறது. ஆகவே பற்றரியையும் விடலாம், நான்கு மோட்டர்களையும் விடலாம். சாரதி சீட்டுக்கு மட்டும் உரிய பொதுப் பாதை ஒன்று எங்கோ கெட்டிருக்கிறது.

முதலில் காது

மீற்றரை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, சாவியை மட்டும் திருப்பிவிட்டுச் சுவிட்சை அழுத்திக் கேளுங்கள். மோட்டர் சுற்றும் சத்தம் வந்து சீட் நகராவிட்டால் மின்சாரத்தின் மேல் பழி போடாதீர்கள். பல் தேய்ந்த நைலோன் சக்கரமோ, மோட்டரையும் தண்டவாளத்தையும் இணைக்கும் வளையும் தண்டோதான் குற்றவாளி. சத்தத்தோடு சீட் ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து கோணிக்கொண்டாலும் அதே கதைதான்.

மெல்லிய முனகல் கேட்டு, கூரை விளக்கும் நன்றாக மங்கினால் மோட்டர் முழு மூச்சாக முயல்கிறது, ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். அடியில் கையை விட்டுப் பாருங்கள். நாணயம், டொஃபி உறை, குழந்தையின் விளையாட்டுப் பொருள், குடைக் கம்பி எல்லாம் தண்டவாளத்தில் கிடைக்கும். முனகல் மட்டும் கேட்டு விளக்கு மங்கவேயில்லை என்றால் மோட்டருக்குப் போதிய மின்சாரமே போகவில்லை. நம் காரில் மழைச் சத்தம் அடங்கியபின் கேட்பது அந்த முனகல்தான்.

பியூஸைப் பற்றி இரண்டு வார்த்தை

பவர் சீட்டுகளுக்கு 30 அம்பியர் அளவிலான பியூஸ் இருப்பது சாதாரணம். அம்பியர் என்பது மின்னோட்டத்தின் அளவு, ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பது. சுதந்திரமாகச் சுற்றும் மோட்டர் குறைவாகத்தான் இழுக்கும். அதையே சுற்றவிடாமல் பிடித்தால் பல மடங்கு இழுக்கும். சுற்றும் மோட்டர் தானும் ஒரு சிறு மின்னாக்கியாக மாறி, உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லை. சீட் கடைசிவரை போய் முட்டிய பிறகும் பிள்ளைகள் சுவிட்சை விடாமல் அழுத்தி விளையாடும்போது நடப்பது இதுதான்.

அதற்காகவே பல மோட்டர்களுக்குள் தானாக அறுந்து தானாக ஒட்டும் ஒரு காவல் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய இரு வேறு உலோகங்களாலான ஈருலோகத் தகடு ஒரு வகை. சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிய, தகடு வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேரும். ஆகவே ‘அழுத்தி அழுத்திப் பார்த்தேன், செத்துப்போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா வந்திருச்சு’ என்றால் அது பேயும் அல்ல, பழுதும் அல்ல. காவல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவிலான புதியதைப் போடுங்கள். மறுபடி எரிந்தால் பெரும்பாலும் வயர் எங்கோ உரசி, காரின் உடம்பான பொடியைத் தொடுகிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வித்தையை இன்றைக்கும் பார்க்கிறேன். பியூஸ் எரியாது, அதற்குப் பதிலாக வயர் எரியும். அந்த வயர் பஞ்சு மெத்தைக்கு அடியில் கிடக்கிறது.

பாதி பாதை இரும்பு

காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின் நிலையம் நோர்ட்டன் பிரிட்ஜில் 1965 முதல் இயங்குகிறது. இந்த மலைகளின் அருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயர் அதற்கு. அங்கிருந்து தேயிலை மலைகளுக்கு மேலாகப் போகும் கம்பிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வேறொரு புத்தகத்துக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, எந்தக் கோபுரத்திலும் கம்பி ஒற்றையாகப் போவதில்லை. மின்சாரம் போனால் திரும்பிவர வழி வேண்டும்.

காரில் அந்தத் திரும்பும் கம்பியைக் காணமுடியாது. ஏனென்றால் காரின் உடம்பே அந்தக் கம்பி. பற்றரியின் எதிர்முனையைத் தடித்த வயரால் பொடியோடு பூட்டிவிட்டு, ஒவ்வொரு விளக்கையும் மோட்டரையும் அருகிலுள்ள இரும்பில் ஒரு போல்ட்டால் முடிந்துவிடுகிறார்கள். இதைத்தான் பாஸ் ‘பொடி எர்த்’ என்கிறார். செம்பு மிச்சம், எடை மிச்சம். ஆனால் மின்சாரத்தின் பாதி வழி இப்போது பெயின்ட் அடித்த, நனையக்கூடிய, துருப்பிடிக்கக்கூடிய இரும்பு. போகும் வழியில் காட்டும் அக்கறையைத் திரும்பும் வழியில் யாரும் காட்டுவதில்லை. ‘கரண்ட் வருதா?’ என்று கேட்கிறோமே தவிர, ‘திரும்பிப் போகுதா?’ என்று கேட்பதில்லை.

மீற்றர் ஏன் ஏமாற்றியது

தோட்டத்தில் மேல்மலை ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் இழுத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் இலைச் சருகு அடைத்துவிட்டது. கீழே பைப்பை மூடிவைத்திருக்கும்போது குழாய்க்குள் தண்ணீரின் அழுத்தத்தில் ஒரு குறையும் இராது. சருகுக்கு இடையே கசிந்த தண்ணீரே மெல்ல மெல்லக் குழாயை நிரப்பி முழு அழுத்தத்தையும் கொண்டுவந்துவிடும். பைப்பைத் திறந்தால்தான் தெரியும்: நூலாக ஒழுகும். ஓடாத தண்ணீருக்கு அடைப்பு ஒரு பொருட்டே அல்ல.

மின்சாரத்திலும் அப்படியே. வோல்ட் என்பது மின்னழுத்தம், அதாவது தள்ளும் வலு. வழியில் உள்ள அடைப்பு மின்தடை. அழுத்தம் அந்தத் தடையில் தொலைவது மின்சாரம் ஓடும்போது மட்டும்தான். பாஸ் செய்தது என்ன? சீட்டின் சொக்கட்டைக் கழற்றி, மீற்றரின் ஒரு கம்பியை நேர் வயரிலும் மற்றதை எர்த் வயரிலும் வைத்தார். நல்ல டிஜிட்டல் மீற்றர் ஒரு அம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தை உறிஞ்சும். அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கு எந்தத் துருவும் தடையல்ல. 12.6 என்று மீற்றர் சொன்னது உண்மைதான். ஆனால் அது பைப்பை மூடிவைத்து அளந்த அளவு.

மீற்றரின் ‘பீப்’ பரிசோதனையும் இதே வகையில் ஏமாற்றும். வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது, மோட்டரின் கழுத்தை நெரிக்கப் போதுமான தடை இருந்தாலும் அது மகிழ்ச்சியாகக் கத்தும்.

சுவிட்சை அழுத்திக்கொண்டே அளப்போம்

இனிச் சொக்கட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியால் வயரைத் தொட்டு, உதவிக்கு நிற்கும் பையனை ‘முன்னே’ என்று அழுத்திப் பிடிக்கச் சொல்லி அளப்போம். பற்றரி முனைகளில் 12.6. உண்மையில் சற்று இறங்கும். கணக்கு எளிதாக இருக்க அப்படியே வைத்துக்கொள்வோம்.

மோட்டரின் இரண்டு வயர்களுக்கு இடையே மீற்றர் காட்டுவது 5.1 வோல்ட். அதாவது 12.6இல் 7.5 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. எங்கே? தேடுவது சுலபம். மின்னழுத்தம் காற்றில் கரைவதில்லை. தொலைந்த இடத்தின் இரு பக்கமும் மீற்றரை வைத்தால் தொலைந்த அளவை அதுவே காட்டிக்கொடுக்கும். இதை அழுத்த இழப்பு என்போம்.

முதலில் போகும் வழி. மீற்றரின் ஒரு முனை பற்றரியின் நேர்முனையில், மற்றது மோட்டருக்குள் மின்சாரம் நுழையும் வயரில். பையன் அழுத்துகிறான். 0.4 வோல்ட். பியூஸ், சுவிட்ச், நீண்ட வயர் மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவு இழப்பு ஏற்கக்கூடியதே. அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது திரும்பும் வழி. மோட்டரிலிருந்து மின்சாரம் வெளியேறும் வயரிலிருந்து பற்றரியின் எதிர்முனை வரை. அழுத்துகிறான். 7.1 வோல்ட்! ஒழுங்கான எர்த்தில் 0.2க்கு மேல் வரக்கூடாது. கூட்டிப் பாருங்கள்: 5.1, 0.4, 7.1. மொத்தம் 12.6. ஒரு சதம்கூடக் கணக்கில் குறையவில்லை. மோட்டர் சாகவில்லை. அதற்கு வரவேண்டிய சாப்பாட்டில் பாதிக்கு மேலே எர்த் போல்ட் தின்றுவிட்டது.

தின்றதை அந்த போல்ட் என்ன செய்தது? வெப்பமாக்கியது. சுமார் 5 அம்பியர் ஓடியிருந்தால் அந்த ஒரு மூட்டில் மட்டும் ஏறத்தாழ 35 வாட். ஒரு சிறிய சோல்டரிங் அயனின் சூடு. எர்த் வயரின் நுனி பழுப்பேறிப் பிளாஸ்டிக் உறை சுருங்கியிருந்தால் காரணம் புரிந்திருக்கும்.

இந்த இடத்தில் பழைய பாஸ்மாரின் டெஸ்ட் பல்புக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பில் இரண்டு வயர் சோல்டர் செய்து வைத்திருப்பார்கள். அது ஒன்றே முக்கால் அம்பியர் வரை இழுக்கும். கெட்ட எர்த்தில் அதை மாட்டினால் கண்ணுக்குத் தெரியும்படி மங்கி எரியும். விலையுயர்ந்த டிஜிட்டல் மீற்றரை மட்டும் நம்பிய இளைஞருக்குத் தெரியாததை அந்தப் பல்பு சொல்லிவிடும். ஆனால் அதைக் காரின் கணினிக்குப் போகும் மெல்லிய வயர்களில் வைக்கக்கூடாது. அந்த ஓட்டத்தை அவை தாங்கமாட்டா.

மழை செய்த வேலை

மின் மூட்டைக் கெடுக்க மலையகத்து வானிலையே போதும். ஹட்டனுக்குக் கீழே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. சேற்றுச் சப்பாத்தும் ஒழுகும் குடையும் ஒவ்வொரு நாளும் காருக்குள் ஏறுகின்றன. கார்ப்பெட் மேலே காய்ந்ததுபோலத் தெரியும். அதன் அடியில் உள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்தத் தண்ணீர் வந்து சேர்வது இங்கேதான். சீட்டின் எர்த் போல்ட் பெரும்பாலும் இதே கார்ப்பெட்டின் கீழே, கதவுப் படி ஓரத்திலோ சீட் நிற்கும் குறுக்கு இரும்பிலோ இருக்கிறது.

வயர் நுனியில் செம்பு, அதன் மேல் வெள்ளீயப் பூச்சு, போல்ட்டில் துத்தநாகப் பூச்சு, அடியில் பெயின்ட் சுரண்டிய இரும்பு. வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு குட்டி மின்கலம். ஒன்று மற்றதுக்காகக் கரையத் தொடங்கும். இரும்பில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு. இரண்டும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை. போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், கையால் ஆட்டினால் அசையாது. ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்பு சில புள்ளிகளாகச் சுருங்கியிருக்கும்.

நானுஓயாவில் சீட் ஓடிய மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. காலையில் நாம் சீட்டைச் சரிசெய்வது எஞ்சினைக் கிளப்பும் முன். அப்போது கையில் இருப்பது பற்றரியின் 12.6 வோல்ட் மட்டும். குளிரில் திருகாணியின் கிரீஸ் கெட்டியாகிக் கிடக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஆண்டின் தொடக்கத்தில் துகள் உறைபனி படியும் காலைகளில் இன்னும் மோசம். கெட்டிக் கிரீஸை உடைத்துக் கிளம்ப மோட்டருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், எர்த்தோ அதைத்தான் விடமாட்டேன் என்கிறது. நானுஓயா வரும்போது எஞ்சின் ஓடி அழுத்தம் 14 வோல்ட்டை நெருங்கியிருக்கும். கார் உள்ளே சூடாகிக் கிரீஸ் இளகியிருக்கும். ஏற்றத்தின் குலுக்கலில் அந்த போல்ட்டின் தொடுபுள்ளிகளும் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம். ஒவ்வொன்றும் சிறு சலுகைதான். மூன்றும் சேர்ந்ததும் மோட்டர் தப்பித்துக்கொள்கிறது. வந்து வந்து போகும் கோளாறு என்றால் எரிந்த மோட்டரைவிட மோசமான மூட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வைத்தியம் மலிவானது. போல்ட்டைக் கழற்றி, இரும்பையும் வயர் நுனியையும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நுனி அரித்துப்போயிருந்தால் புதிய லக் அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். கிரீஸ் மூட்டுக்கு வெளியே ஈரத்தைத் தடுக்கத்தான். பிறகு மறுபடி அழுத்தி அளந்தால் திரும்பும் வழியில் 0.1, போகும் வழியில் 0.4, மோட்டருக்கு 12.1. கார்ப்பெட்டின் பஞ்சைக் காயவைக்காமல் மூடினால் அடுத்த பருவமழையில் இதே வேலைதான்.

மஞ்சள் சொக்கட்

இதுவரை சொன்னதை விட இது முக்கியம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறச் சொக்கட் இருந்தால் அது பக்கவாட்டு எயார்பேக்குக்கோ, விபத்தில் பெல்ட்டைச் சுண்டி இழுக்கும் கருவிக்கோ போவது. அவற்றுக்குள் இருப்பது வெடிமருந்து. மீற்றரின் தடை அளவீடு அனுப்பும் சிறு மின்சாரம்கூட ஆபத்து. டெஸ்ட் பல்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீட்டைக் கழற்றுவதானால் பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா தன் கைநூல்களில் குறைந்தது 90 நொடி என்கிறது. சில நிமிடம் விட்டால் நட்டமில்லை. மஞ்சளைக் கழற்றியபடியே சாவியைத் திருப்பாதீர்கள். எயார்பேக் எச்சரிக்கை விளக்கு ஏறி, அதை அணைக்க ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டிவரலாம்.

வேறு சில காரணங்கள்

எல்லாச் சீட்டும் எர்த்தால் கெடுவதில்லை. சீட் முன்னும் பின்னும் போகும்போது அடியிலுள்ள வயர்க்கட்டு மடிந்து நிமிர்கிறது. ஆண்டுகள் ஆக, உறைக்குள்ளேயே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் சீட் நின்றுவிடுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தும் கார்களில் எலிகள் வயரைக் கடிப்பதும் வழக்கம். சுவிட்சில் இனிப்புத் தேநீர் கொட்டினால் காய்ந்த சீனி தொடுமுனைகளில் ஒட்டிக்கொள்ளும்.

சாரதி எப்படி உட்காருவார் என்பதை நினைவில் வைக்கும் சீட்டுகள் வேறு இனம். 1957இல் கடிலாக் எல்டொராடோ புரூஹாமிலேயே அந்த வசதி இருந்தது. இன்று ஒவ்வொரு மோட்டரின் சுற்றையும் ஓர் உணரி எண்ணிக் கணினிக்குச் சொல்கிறது. இவற்றில் சுவிட்ச் மோட்டரோடு நேரடியாகப் பேசுவதில்லை, கணினியிடம்தான் கேட்கிறது. அதனால் ‘ஒரு திசை மட்டும் இல்லை’ என்ற நம் தர்க்கம் அப்படியே பொருந்தாது. பற்றரி கழற்றிய பின் நினைவு அழிந்து, சீட்டுக்கு அதன் எல்லைகளை மறுபடி கற்பிக்க வேண்டிவருவதும் உண்டு. ஆனால் கணினிக்கும் மோட்டருக்கும்கூட எர்த் வேண்டும். அளக்கும் முறை மாறுவதில்லை.

ஆகவே அடுத்த முறை ‘மோட்டர் மாத்தணும்’ என்று யாராவது சொன்னால், கொழும்புக்குப் போன் போட்டு விலை கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாஸ், சுவிட்சை அழுத்திக்கிட்டே எர்த்துல எத்தனை வோல்ட் காட்டுச்சு?” பதிலாக ஓர் எண் வரவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.